ஹெச்.ஏ.எல். ஏன் ‘ஹால்’ ஆகவில்லை?

ஜூன் 3 (ஒரு வாசகரின் கேள்வி)

சுருக்கப் பெயரில் உயிரெழுத்து இருந்தால் அதை ஒரு சொல்லாகவே படிக்கிறோம், இல்லாவிட்டால் எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். நாசா, இஸ்ரோ, நிம்ஹான்ஸ் ஒரு பக்கம். பி.எம்.டி.சி., கே.எஸ்.ஆர்.டி.சி. இன்னொரு பக்கம். விதி இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் பெங்களூரில் பி.இ.எல். ‘பெல்’ ஆகியிருக்க, விமானம் செய்யும் ஹெச்.ஏ.எல்.லை மட்டும் யாரும் ‘ஹால்’ என்று சொல்லாதது ஏன்?

ஜூன் 3, இரவு

இந்த விதி கொஞ்ச தூரம் வரும், அப்புறம் நொண்டும். இ.எம்.ஐ.யில் இரண்டு உயிர் இருக்கிறது. ‘இந்த மாசம் எமி கட்டணும்’ என்று யாராவது சொல்கிறார்களா? யூ.பி.ஐ.யும் அப்படித்தான். எலெக்ட்ரிக் கடையில் போய் ‘ஒரு லெட் பல்பு கொடுங்க’ என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம்: மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். கடைசியில் எம்மும் எல்லும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அப்படியே சொல்லாகப் படித்தால் வாயில் நுழையாது. ஆனால் கோலார் தங்கவயல்காரர்கள் நடுவில் இல்லாத ஓர் அகரத்தைச் செருகிப் ‘பெமல்’ ஆக்கிவிட்டார்கள். உயிர் இல்லாத இடத்தில் உயிர் கொடுத்தாவது சொல்லாக்கத் தெரிந்தவர்கள், இருக்கும் இடத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆக உயிரெழுத்து மட்டும் காரணம் இல்லை.

ஹால் விஷயத்தில் எனக்கு முதலில் தோன்றியது, அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது என்பது. ‘மாமா ஹால்ல வேலை பார்க்கிறார்’ என்றால் சோபா துடைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் பெல்லும் ஏற்கெனவே இருக்கிற சொல்தானே? வாசல் பெல், ஸ்கூல் பெல். எனவே இந்தக் காரணமும் நிற்காது போலிருக்கிறது. நாளைக்கு யோசிக்கிறேன்.

ஜூன் 4, காலை

பெல் பற்றி முதலில் ஒரு கதை. நான் வளர்ந்தது திருச்சியில், திருவெறும்பூர் பக்கம். அங்கே பெல் என்றால் பி.ஹெச்.இ.எல்., 1965-ல் வந்த பாய்லர் ஆலை. ‘அப்பா பெல்லுல இருக்காரு’ என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், மளிகைக் கடையில் கணக்கு நோட்டு போட்டுவிடுவார்கள்.

பெங்களூரு வந்து அல்சூரில் வாடகைக்கு வீடு பார்த்தபோது, வீட்டுக்காரர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர், ‘அப்பா என்ன பண்றாரு?’ என்றார். பெல்லில் இருந்து ரிட்டயர்டு என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ‘அட, நம்ம மச்சானும் பெல்தான். எந்த டிவிஷன்?’ பாய்லர் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, ‘ரேடார் பண்ற எடத்துல பாய்லர் எதுக்குப்பா?’ என்றார்.

நான் ஏதோ அளக்கிறேன் என்று நினைத்திருப்பார். இங்கே பெல் என்றால் ஜாலஹள்ளி, பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1954-ல் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால் பி.ஹெச்.இ.எல்.லுக்கும் இந்த ஊரில் ஒரு பிரிவு உண்டு, மைசூர் ரோட்டில். ஆனால் ‘பெல்’ என்ற பட்டத்தை ஜாலஹள்ளிக்காரர்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டதால், மைசூர் ரோட்டில் இருப்பது இன்றும் ஹெச்சோடு சேர்த்து முழுசாகத்தான் சொல்லப்படுகிறது.

திருச்சியில் அந்த ஹெச் எங்கே போனது என்று கேட்டால், நம் வாய் அதை விழுங்கிவிட்டது. போபால் ஆலையில் இந்திக்காரர்கள் விடவில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சு கொடுத்து பேல்பூரியின் ‘பேல்’ மாதிரியே சொல்கிறார்கள்.

ஜூன் 4, மதியம்

இன்னொன்று விட்டுப்போனது. ‘பெல் சர்க்கிள்’ என்று என் காதில் சொல்லாக விழுகிறது. அதே ஆட்கள் ‘நியூ பி.இ.எல். ரோடு’ என்று எழுத்தெழுத்தாகச் சொல்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே வாய். விதி தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 6

எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம் என்கிறோமே, உண்மையில் அப்படிச் சொல்கிறோமா?

மடிவாளா பஸ் ஸ்டாப்பில் நின்று, ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டுக்குக் கண்டக்டர் ஆள் கூப்பிடுவதைக் கேளுங்கள். ஹெச், எஸ், ஆர் என்று மூன்று எழுத்தா வருகிறது? ‘ஹெச்செஸ்ஸார், ஹெச்செஸ்ஸார்’ என்று ஒரே சொல்லாக வருகிறது. எம்.எல்.ஏ. ‘எம்மெல்லே’. எல்.ஐ.சி. ‘எல்லைசி’. எஸ்.எஸ்.எல்.சி. ‘எஸ்ஸெஸ்ஸெல்சி’. ஆங்கிலேயர் யாரும் இப்படி மெய்யை இரட்டித்துச் சொல்வதில்லை. அவர் எம், எல், ஏ என்று வழுக்கிக்கொண்டு போவார்.

ஒன்பதாம் வகுப்புத் தமிழய்யா அடித்து மனப்பாடம் செய்ய வைத்தது இருபது வருஷம் கழித்து பஸ் ஸ்டாப்பில் புரிந்தது: ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.’ நன்னூல் விதி. கல் + எறிந்தான் = கல்லெறிந்தான். எம் என்பதில் எ தனிக்குறில், ம் ஒற்று, அடுத்து எல் என்று உயிர் வருகிறது, உடனே எம்மெல். எல் + ஏ = எல்லே. சட்டமன்ற உறுப்பினர் நன்னூலை மீறவில்லை.

சரியான சோதனை ஆர்.எஸ்.எஸ். இங்கே முதல் எழுத்து ‘ஆர்’, நெடில். நெடிலுக்கு இரட்டும் விதி கிடையாது. நாமும் ‘ஆர்ரெஸ்’ என்று சொல்வதில்லை, ‘ஆரெஸ்’ என்கிறோம். ஆனால் அடுத்த எஸ் குறிலோடு வருவது, அங்கே மட்டும் இரட்டி ‘ஆரெஸ்ஸெஸ்’. பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் இதைப் பிசகாமல் சொல்வார்.

உயிரும் உயிரும் மோதினால் நடுவில் யகரமோ வகரமோ வந்து விலக்கிவிடுமே, உடம்படுமெய், அதுவும் உண்டு. பி.ஏ. ‘பீயே’. பி.டி.எம். லேஅவுட் ‘பீட்டீயெம்’. கேள்வி கேட்டவரின் ஹெச்.ஏ.எல். என்ன ஆகிறது பாருங்கள்: ஹெச் + ஏ இரட்டி ‘ஹெச்சே’, ஏ + எல் நடுவே யகரம், ‘ஹெச்சேயெல்’. அது ஏற்கெனவே ஒரு சொல்லாகிவிட்டது ஐயா. ‘ஹால்’ என்று இன்னொரு சொல் அதற்கு எதற்கு?

இதுவே முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தாகச் சொல்வது, சொல்லாகச் சொல்வது என்ற பிரிவினை ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு நம் வாயில் கூர்மையாக இல்லை.

ஜூன் 6, இரவு

கன்னடர்களும் தெலுங்கர்களும் எம்மெல்லே என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் நன்னூல் படித்தார்களா என்று ஒருவர் கேட்கிறார். நியாயம். நன்னூல் நமக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல, நாம் சொல்வதை எழுதிவைத்தது. இந்தப் பக்கத்து மொழிகளின் பொதுச் சுபாவமாகத்தான் இருக்க வேண்டும்.

கன்னடத்தில் ‘எம்மெ’ என்றால் எருமை. ஆகவே எம்மெல்லே என்ற சொல்லை வைத்து இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கும் கிண்டலை நான் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 9

எச்-சா ஹெச்-சா என்று சண்டை தொடங்கியிருக்கிறது. இரண்டும் நடக்கும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலேயே இரண்டும் அச்சாகின்றன. பெங்களூரில் ஹெச் மட்டும்தான் காதில் விழும், ஏனென்றால் கன்னடர் வாயில் அப்படித்தான். இங்கே வந்து ‘எச்.எஸ்.ஆர். லேஅவுட்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், புதுசாக வந்தவர் என்றும் தெரிந்துகொள்வார்கள்.

தப்பு ஒப்பு பார்க்கிறவர்களுக்கு ஒன்று: வட அயர்லாந்தில் இந்த ஒரு எழுத்தை வைத்து எதிரில் இருப்பவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டன்ட்டா என்று ஊகித்த காலம் இருந்தது. ஹெச் என்றால் கத்தோலிக்கர், எச் என்றால் புராட்டஸ்டன்ட். நமக்கு அந்த ஆபத்து இல்லை. நமக்கு ஆட்டோ மீட்டரில் பத்து ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

எம்.ஜி.ஆரை ‘யம்ஜியார்’ என்பது பற்றிக் கேட்டவருக்கு: சொல் முதலில் வரும் எகரத்துக்கு முன்னால் லேசான யகரம் தொற்றிக்கொள்வது நம் பேச்சில் எப்போதும் உண்டு. எலியை ‘யெலி’ என்று சொல்லும் அதே வாய்தான். பழைய சினிமாச் சுவரொட்டிகளைத் தோண்டப் போக வேண்டாம்.

ஜூன் 12

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். உச்சரிப்பல்ல, எழுத்து. தமிழில் பகரம் ஒன்றுதான். டகரமும் ஒன்றுதான். ஆங்கிலத்தின் பி இரண்டும் நமக்கு ஒரே பி, டி இரண்டும் ஒரே டி. பேசும்போது பெரும்பாலோர் வேறுபடுத்திவிடுவார்கள். எழுதினால் போச்சு.

பெங்களூரில் ஜே.பி. நகர் இரண்டு. ஒன்று தெற்கே, ஜெயப்பிரகாஷ் நகர். இன்னொன்று கிழக்கே, ஹெச்.ஏ.எல். பக்கம், ஜீவன் பீமா நகர். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பார்த்தால் இரண்டுக்கும் எழுத்து வேறு, குழப்பமே இல்லை. பஸ் போர்டில் கன்னடம் படிக்கத் தெரிந்தவர் நேராகப் போய்ச் சேர்வார். தமிழில் எழுதினால் மட்டும் இரண்டும் ஜே.பி. நகர்.

பெரியப்பா மகன் வீடு கட்டினான், ஜீவன் பீமா நகரில். கிரகப்பிரவேசப் பத்திரிகை கும்பகோணத்தில் அச்சடித்தார்கள், மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ‘ஜே.பி. நகர், பெங்களூரு’ என்று. சித்தப்பா கையில் குத்துவிளக்குப் பெட்டியோடு அதிகாலையில் கண்டோன்மென்ட்டில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பத்திரிகையைக் காட்ட முடியாததால் வாயால் சொல்லியிருக்கிறார். அவர் தெற்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கிருந்து எனக்குப் போன்.

‘சித்தப்பா, எந்த பி? பாம்பே பி-யா, பாண்டிச்சேரி பி-யா?’

‘பத்திரிகையில ஒரு பி-தான்டா போட்டிருக்கு.’

‘இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கு?’

‘இது தமிழ்ப் பத்திரிகைடா!’

அவர் வந்து சேர்வதற்குள் பால் காய்ச்சி, ஹோமம் முடிந்து, இலை போட்டாகிவிட்டது. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரும் வரைக்கும் அவர் யாரோடும் பேசவில்லை. குத்துவிளக்கை ஏற்றாமலே மூலையில் வைத்திருந்தார்கள் என்பது தனிக் கோபம்.

இந்த மாதிரி இன்னும் எவ்வளவோ உண்டு. ‘டி.பி.’ என்று தமிழில் எழுதினால் வாட்ஸ்அப் படமும் அதுதான், காசநோயும் அதுதான், பழைய டிராவலர்ஸ் பங்களாவும் அதுதான். ‘டி.பி. மாத்திட்டேன்’ என்று பேத்தி அனுப்பிய செய்தியைப் பார்த்து ஆஸ்பத்திரி பெயர் கேட்ட தாத்தாவை எனக்குத் தெரியும். ஐ.டி. கம்பெனியில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு வேலை செய்கிறோம், ஐ.டி. ரெய்டு வந்தால் மூன்றாவது ஐ.டி. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பி.டி. வாத்தியார் என்றால் விசில் ஊதி ஓடவிடுபவரா, பட்டதாரி ஆசிரியரா? எழுத்தில் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும்.

சொல்லாகப் படிப்பவையும் தப்பவில்லை. மேனேஜ்மென்ட் படிக்க எழுதும் தேர்வும் ‘கேட்’, இன்ஜினீயர்கள் மேற்படிப்புக்கு எழுதும் தேர்வும் ‘கேட்’. ஒன்று இங்கே பன்னேர்கட்டா ரோட்டு ஐ.ஐ.எம்.முக்குக் கொண்டுபோகும், மற்றது மல்லேஸ்வரம் பக்கம் ஐ.ஐ.எஸ்ஸி.க்கு. ‘பையன் கேட் எழுதியிருக்கான்’ என்று ஊரிலிருந்து கடிதம் வந்தால், ஊருக்குப் போன் போட்டு எது என்று கேட்டுத்தான் வாழ்த்த வேண்டும்.

ஐ.ஐ.எஸ்ஸி. என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய ஆட்டோக்காரர்களிடம் அந்த நான்கு எழுத்தைச் சொல்லி மூச்சை வீணாக்காதீர்கள். டாடா இன்ஸ்டிடியூட் என்றால் வண்டி கிளம்பும். 1909-ல் தொடங்கிய இடம், ஊர்க்காரர்களுக்கு இன்னும் பணம் போட்டவர் பெயர்தான்.

ஜூன் 13

தமிழில் இதற்குத் தனி எழுத்து வேண்டும் என்பவருக்கு: ஸ்லோகப் புத்தகக்காரர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பகரத்தின் தோளில் 2, 3, 4 என்று பொடியாக எண் போட்டால் சமஸ்கிருதத்தின் நான்கு பகரமும் வந்துவிடும். அந்தக் கணக்கில் சித்தப்பா போயிருக்க வேண்டிய இடம் ஜே.பி³. நகர். பத்திரிகையில் அப்படி அச்சடித்திருந்தால் மூன்றாவது ஃபேஸ் என்று நினைத்துத் தெற்கேதான் போயிருப்பார்.

ஜூன் 17

சாஃப்ட்வேர் நண்பர்கள், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

பெயர் பிறந்தபோது அது சொல்தான். 1974-ல் ஐ.பி.எம்.மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் எழுதிய கட்டுரையில் அந்த மொழியின் பெயர் ‘சீக்வல்’. அதே பெயரை ஒரு பிரிட்டிஷ் விமானக் கம்பெனி, ஹாக்கர் சிட்லி, வணிக முத்திரையாக வைத்திருந்தது. அதனால் உயிரெழுத்துகளை எடுத்துவிட்டு எஸ்.க்யூ.எல். என்று சுருக்கினார்கள். எழுத்தில் போன உயிர் வாயில் போகவில்லை. அமெரிக்காவில் நிறையப் பேர் இன்றும் சீக்வல் என்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்காரர்களோ தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வதே அதிகாரப்பூர்வம், வேறு மாதிரிச் சொன்னாலும் கவலையில்லை என்று தங்கள் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே நான் பார்த்த வரையில் ஒரு வித்தியாசம் உண்டு. சேலம், ஈரோடு, கோபி பக்கத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டு வருபவர்கள் எஸ்.க்யூ.எல். என்பார்கள், ஏனென்றால் காதால் கேட்பதற்கு முன் கண்ணால் படித்தது அது. வேலைக்கு வந்து வெளிநாட்டு மீட்டிங்குகளில் உட்கார்ந்த பிறகு மெல்ல சீக்வல் ஏறுகிறது. சிலருக்கு ஏறவே ஏறாது. எனக்கு ஏறவில்லை.

போன வருஷம் நேர்முகத்தேர்வு ஒன்றில் நானும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தோம். வந்த பெண் முதல் பதிலில் எஸ்.க்யூ.எல். என்றாள். பக்கத்தில் இருந்தவர் அடுத்த கேள்வியில் ‘சீக்வல்’ என்றதும், தயங்காமல் சீக்வலுக்கு மாறினாள். அதற்கடுத்து நான் எஸ்.க்யூ.எல். என்று கேட்டுவைத்தேன். ஒரு நொடி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அப்புறம் கடைசி வரைக்கும் ‘அந்த குவெரி’, ‘டேட்டாபேஸ்ல எழுதுறப்ப’ என்று மட்டுமே பேசினாள், பெயரைத் தொடவே இல்லை. எடுத்துக்கொண்டோம். டெஸ்டிங்குக்கு இந்த மாதிரி ஆள்தான் வேண்டும்.

ஜூன் 17, அதன் தொடர்ச்சி

அசையும் படத்தை ஜிஃப் என்பதா, கிஃப் என்பதா என்பது பற்றி ஒரே வரி: 1987-ல் காம்பியூசர்வில் அதை உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட், 2013-ல் வெபி விருது வாங்கியபோதுகூட ‘ஜிஃப்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று திரையில் எழுதியே காட்டினார். 2022-ல் காலமானார். சண்டை ஓயவில்லை. பெற்றவர் சொல்லே எடுபடாத விஷயத்தில் கம்பெனி சர்க்குலர் என்ன செய்யும்? நம் ஆட்கள் அநேகமாக எல்லோரும் ஜிஃப்தான். எழுத்தின் பெயரே ஜி என்று மனத்தில் பதிந்திருப்பது காரணமாக இருக்கலாம்.

ஜூன் 18

‘தமிழ்ச் சுருக்கங்கள் எந்த வகை, எழுத்தா சொல்லா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யோசிக்க யோசிக்க நல்ல கேள்வி.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. டபிள்யூ என்ற பெயரில் அதன் ஒலியே கிடையாது. வேர்ல்ட் வைட் வெப் என்று மூன்று அசையில் முடிவதை, சுருக்குகிறோம் என்று சொல்லி ஒன்பது அசைக்கு இழுத்த புத்திசாலித்தனம் அதனால் வந்தது. நமக்கு ‘தி’ என்ற எழுத்தின் பெயரும் தி, ஒலியும் தி. எனவே தி.மு.க. என்பதை எழுத்தெழுத்தாகப் படித்தாலும் திமுக, சொல்லாகப் படித்தாலும் திமுக. இரண்டு வகையே இல்லை. வ.உ.சி. என்று புள்ளி வைத்து எழுதுகிறோம், வாயில் உடம்படுமெய் வந்து ‘வவுசி’ ஆகிவிடுகிறது. உ.வே.சா.வைச் சொல்லிப் பாருங்கள், புள்ளி எங்கே கேட்கிறது?

கன்னடத்திலும் இதே வசதி. கவிஞர் குப்பளி வெங்கடப்ப புட்டப்பா மூன்று முதலெழுத்தைச் சேர்த்துக் குவெம்பு ஆனார், அது சுருக்கம் என்பதே இப்போது பலருக்குத் தோன்றாது. அதே தலைமுறையை ஒட்டி, டி.வி. குண்டப்பா ஆங்கில எழுத்தில் டி.வி.ஜி. ஆனார், பசவனகுடியில் அவர் பெயரில் ரோடு இருக்கிறது. ஸ்ரீகண்டய்யாவோ பி.எம்.ஸ்ரீ., முதல் இரண்டு ஆங்கிலம், மூன்றாவது நம்மூர் எழுத்து. ஒரே மொழியின் அறிஞர்கள், மூன்று வழி.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரிகை திமுக என்று எழுதும். எங்கள் ஊர் டீக்கடையில் பெரியவர்கள் பேசியது ‘டியெம்கே’, ‘ஏடியெம்கே’. இங்கே கன்னட நண்பர்களோடு பேசும்போது நானும் டியெம்கே என்கிறேன், வீட்டில் திமுக. எப்போது மாறுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை.

ஜூன் 21

மழை, கரண்ட் இல்லை, போனில் எழுதுகிறேன்.

‘ஈ.பி.க்குப் போன் போட்டியா?’ என்று அம்மா உள்ளேயிருந்து கேட்கிறாள். இந்த ஊரில் ஈ.பி. கிடையாது. இங்கே இருந்தது கே.இ.பி., அதுவும் 1999-ல் போய், 2002-லிருந்து பெஸ்காம். தமிழ்நாட்டிலேயே வாரியத்தைப் பிரித்து 2010-ல் டான்ஜெட்கோ என்று பெயர் வைத்தார்கள். யார் வாயிலும் அது ஏறவில்லை. ‘ஈ.பி. ஆபீஸ்’, ‘ஈ.பி. பில்’தான். பக்கத்து வீட்டு மாமா, தங்கவயலில் பிறந்து ஐ.டி.ஐ. டெலிபோன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னும் கே.இ.பி. என்கிறார். அம்மா ஈ.பி., மாமா கே.இ.பி., நான் பெஸ்காம். கரண்ட் யாருக்கும் வரவில்லை.

இன்னொரு அதிசயம் ரயிலில். டிக்கெட் பரிசோதகருக்கு ரயில்வே வைத்த சுருக்கம் டி.டி.இ. தமிழர்கள் ஒருமனதாக ‘டி.டி.ஆர்.’ என்கிறோம். அந்த ஆர் எங்கிருந்து வந்து ஒட்டியது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள், நான் எதையும் நம்புவதில்லை. ஆனால் டி.டி.இ. என்று சரியாகச் சொல்லும் தமிழரைப் பார்த்தால் ரயில்வே ஊழியரோ என்று தோன்றுகிறது.

பி.யூ.சி.யும் அப்படி ஒரு சமாச்சாரம். தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்ததோடு அது காணாமல் போனது. கர்நாடகத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் இன்னும் பி.யூ.சி. என் அப்பா படித்ததும் பி.யூ.சி., என் மகள் படிப்பதும் பி.யூ.சி. நடுவில் நான் மட்டும் பிளஸ் டூ. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளும்போது எனக்கு விளக்கம் சொல்கிறார்கள்.

மகளின் தோழிகள் எழுதும் நுழைவுத்தேர்வு ஒன்றைக் ‘காமெட் கே’ என்கிறார்கள். முன்பாதி சொல், கடைசி எழுத்து தனி. இன்னொரு நுழைவுத்தேர்வான சி.இ.டி.யை மட்டும் செட் ஆக்காமல் முழுசாகச் சொல்கிறார்கள். மகளிடம் ஏன் என்று கேட்டேன். ‘அப்படித்தான்ப்பா’ என்றாள்.

ஜூன் 22

ஹாலுக்குத் திரும்புகிறேன், இல்லாவிட்டால் கேள்வி கேட்டவர் கோபித்துக்கொள்வார்.

1940-ல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கியபோது ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். 1964-ல் ஏரோநாட்டிக்ஸ். பெயர் மாறியும் எழுத்து மூன்றும் மாறவில்லை. பெங்களூரின் பழைய பொதுத்துறைகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., ஹெச்.எம்.டி., பி.இ.எல். கடைசி ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் எழுத்து. ஆக, விளக்கம் தேவைப்படுவது ஹாலுக்கு அல்ல, பெல்லுக்குத்தான்.

என் ஊகம் இது. பி.இ.எல். என்ற எழுத்தைச் சொல்லாகப் படித்தால் ஒரே விதமாகத்தான் படிக்க முடியும், பெல். ஹெச்.ஏ.எல்.லை ஒருவர் ஹால் என்பார், ஒருவர் ஹேல் என்பார், இன்னொருவர் ஹல் என்பார். எப்படிப் படிப்பது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரித் தோன்றினால் சொல்லாகிறது, தோன்றாவிட்டால் எழுத்தாகவே நின்றுவிடுகிறது.

ஜூன் 22, இரவு

பான் கார்டை வைத்து மடக்கிவிட்டார் ஒருவர். பான், பேன் என்று இரண்டு விதமாகச் சொன்னாலும் அது சொல்லாகத்தானே இருக்கிறது என்கிறார். ஜிஃபும் அப்படியே. சரி. அரசாங்கம் கார்டு அடித்துக் கையில் கொடுத்த பெயருக்கும், தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் மாறும்போது ஆட்கள் புழங்கிய பெயருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது என்று சமாளிக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் டான்ஜெட்கோ என்னைப் பார்த்துச் சிரிக்கும், அதுவும் அரசாங்கம் கொடுத்ததுதான். டாஸ்மாக், சிப்காட் இரண்டையும் மக்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள், இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் வேறு பெயர் இல்லாத இடத்தில் புதுப் பெயர் நிற்கிறது, ஈ.பி. மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தால் நிற்பதில்லை. டாஸ்மாக்குக்கு முன்னால் சாராயக்கடை என்று பெயர் இருந்ததே என்று யாராவது எழுதுவதற்குள் படுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 25

ஹெச்.ஏ.எல்.லில் வேலை பார்ப்பவர் ஒருவரைக் கடைசியில் பிடித்துக் கேட்டேன். வீட்டில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்றேன். ‘ஃபேக்டரி’ என்றார்.

ஜூன் 27

ஊரிலிருந்து முதல்முறையாகப் பெற்றோரை வரவழைப்பவர் கேட்ட கேள்விக்கு: டிக்கெட்டில் எஸ்.எம்.வி.பி. என்று இருந்தால் அது சர் எம். விஸ்வேஸ்வரய்யா டெர்மினல். 2022-ல் திறந்தது. அந்த எழுத்துகளை ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டாம், ‘பையப்பனஹள்ளி டெர்மினல்’ என்று சொல்லுங்கள். டெர்மினலை விட்டுவிட்டால் மெட்ரோ ஸ்டேஷனில் இறக்கிவிடுவார். கே.எஸ்.ஆர். பெங்களூரு என்று இருந்தால் ‘சிட்டி ஸ்டேஷன்’ அல்லது ‘மெஜஸ்டிக்’. ‘கே.எஸ்.ஆர்.’ என்று பாதியில் நிறுத்தினால் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் போய்விடும், ஆனால் அது எதிரேதான் இருக்கிறது, சுரங்கப்பாதை வழியாக நடந்து வந்துவிடலாம்.